மருத்துவச்சி பையைத் திறக்கும் முன்: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தோல் பை கிடக்கிறதா? உள்ளே கத்தரிக்கோல், ரப்பர் குழாய், மரத்தில் கடைந்த புனல் மாதிரி ஒன்று, நீல பாட்டில்கள், கட்டு அறுந்த நோட்டு? அப்படியானால் உங்கள் குடும்பத்தில் யாரோ ஒரு பாட்டி மிட்வைஃபாக இருந்திருக்கிறார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தால், முதலில் இதைப் படித்துவிட்டுப் பையில் கை வையுங்கள்.

என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், அம்மா பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சர்க்கார் மிட்வைஃப். வீட்டில் பெரிய அம்மாயி என்போம். அவருடைய பையை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் அலைந்தேன். செலவு ஏழாயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் தவறான ஊருக்குப் போய் வந்த செலவு. காகிதம் எதுவும் தொலைந்துபோயிருக்கவில்லை, நான்தான் தேடத் தெரியாமல் தேடினேன். பாலக்காடு, தேவிகுளம், செங்கோட்டை, நகரி, சத்தியவேடு என்று எந்த எல்லைப் பக்கத்துக் குடும்பமாக இருந்தாலும் இதே குழிகள்தான் காத்திருக்கும்.

1. துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்

பை கிடைத்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை துடைப்பதுதான். வேண்டாம். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பையின் எந்த அறையில் எது இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். பையின் உள்துணியையும் படம் எடுங்கள். எங்கள் பையின் உள்துணியில் ஒரு மூலை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை என்று நினைத்து என் சித்தி சோப்புத் தண்ணீரோடு வந்துவிட்டார். அது பூஞ்சை இல்லை. ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இரும்புச் சாமான்களுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுக்கு ஏறி அதன்மேல் தூசி படியும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். பழைய ரப்பர் குழாய் அப்பளம் மாதிரி நொறுங்கும், இல்லாவிட்டால் பக்கத்துப் பொருளோடு உருகி ஒட்டும். அதைத் தனியாகப் பருத்தித் துணியில் வையுங்கள். நோட்டுக்கு செல்லோடேப் கூடவே கூடாது.

லேமினேஷன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பெரிய அம்மாயியின் சான்றிதழ் நாலாக மடித்துக் கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் கொடுத்தேன். சூட்டில் மடிப்புக் கோடு பழுப்பேறி, அந்தக் கோட்டில் இருந்த எழுத்துகள் இன்றுவரை படிக்க முடியவில்லை. அவருடைய தகப்பனார் பெயர் அந்தக் கோட்டில்தான் இருந்தது. முப்பது ரூபாய் கொடுத்து நானே அழித்தேன்.

2. பாட்டில்களைத் திறக்காதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தக் கால மிட்வைஃபின் பையில் விஷம் இருக்கும். கை கழுவவும் கருவி கழுவவும் மெர்க்குரிக் குளோரைடு கலவை, கார்பாலிக் அமிலம், லைசால் என்று வைத்திருப்பார்கள். மெர்க்குரிக் குளோரைடு பாதரச உப்பு, சில மாத்திரைகளே ஆளைக் கொல்லும். தண்ணீர் என்று நினைத்து யாரும் குடித்துவிடக் கூடாது என்று அதில் நீலச் சாயம் கலப்பார்கள். விஷ பாட்டிலின் வெளிப்புறத்தில் வரி வரியாகப் புடைப்பு இருக்கும். இருட்டில் தடவினாலே கைக்குத் தெரியட்டும் என்று செய்தது. உங்கள் பாட்டிலில் அந்த வரிகள் இருந்தால் முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள்.

நிமிர்த்தி, மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம், கிணற்றடியில் வேண்டவே வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒப்படையுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் அதிலும் பாதரசம்தான். உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாமல், கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒதுக்கி எடுத்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள்.

3. எது என்ன கருவி, அதிலிருந்து என்ன தெரியும்

எங்கள் வீட்டில் அந்த மரப்புனலை நல்லெண்ணெய் ஊற்றத்தான் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு சாண் நீளம், ஒரு முனையில் தட்டையான வளையம், மறுமுனை மணி மாதிரி விரிந்திருக்கும், நடுவில் துளை. இது பினார்டு குழல். பிரெஞ்சு மருத்துவர் பினார்டு 1895-இல் கொண்டுவந்தது. விரிந்த பக்கம் தாயின் வயிற்றில், தட்டைப் பக்கம் மருத்துவச்சியின் காதில். கையை எடுத்துவிட்டு காதாலேயே அழுத்திப் பிடித்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணுவார்கள். நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை இருந்தால் சரி. எங்கள் குழலின் காதுப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் மழுங்கி வழவழவென்று இருக்கிறது. எண்ணெய் அந்தப் பக்கம் படவேயில்லை. இந்த மாதிரித் தேய்மானத்தைப் பார்க்கத்தான் துடைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

கொக்கி வைத்த சின்ன வில் தராசு: குழந்தையைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு எடை பார்க்க. அளவு பவுண்டில் இருக்கும். அஞ்சரை பவுண்டு என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோ. வெள்ளை எனாமல் குவளையின் அடியில் மூக்கு இருந்தால் அது எனிமா கேன். முனை மழுங்கிய கத்தரிக்கோல் தொப்புள்கொடிக்கு. கூடவே கொடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிகளும், கட்டுவதற்கு வேகவைத்த நூலும் இருக்கும்.

அப்புறம் அந்தக் கறுப்புப் புள்ளி. பழுப்புக் கண்ணாடி பாட்டிலும் சொட்டு மருந்துக் குழாயும் பையில் இருந்தால், அது பெரும்பாலும் சில்வர் நைட்ரேட். பிறந்த குழந்தைக்குக் கண்ணுக்கு ஒரு சொட்டு விடுவார்கள், தாயிடமிருந்து தொற்றும் நோயால் பார்வை போகாமலிருக்க. வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பழுப்புக் கண்ணாடி. துணியில் சிந்தினால் கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. உள்துணியில் அந்தக் கறை இருந்தால், பைக்குச் சொந்தக்காரர் முறையாகப் பயிற்சி எடுத்தவர் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

காலம் கணிக்கச் சில குறிகள்: கருவி நிக்கல் பூச்சு உரிந்து துருவேறியிருந்தால் பழையது. துருப்பிடிக்காத எஃகு 1913 வாக்கில்தான் வந்தது, கருவிகளில் பரவ இன்னும் நாளானது. டெட்டால் பாட்டில் இருந்தால் 1930-களுக்குப் பிறகு போட்டது. கத்தரியின் பிடி அருகே லென்ஸ் வைத்துப் பாருங்கள், செய்த ஊர் பொறித்திருக்கும். லண்டனில் ஆலன் அண்ட் ஹேன்பரீஸ், டவுன் பிரதர்ஸ் போன்ற கம்பெனிகள் செய்தன. சியால்கோட் என்று இருந்தால் பெரும்பாலும் நாடு பிரிவதற்கு முன்பு வாங்கியது.

நீளமாக வளைந்த, குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் பெரிய கொறடு இருந்தால் சந்தேகப்படுங்கள். மிட்வைஃப் சுகப்பிரசவம் பார்ப்பவர், சிக்கல் என்றால் டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டியவர். ஆயுதம் போடுவது டாக்டர் வேலை. அந்தக் கொறடு வேறு யாருடையதாவது இருக்கலாம்.

எங்கள் பையின் அடியில் சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு சின்ன வளைந்த கத்தியும் இருந்தது. சர்க்கார் சாமான் இல்லை, ஊர்க் கொல்லன் அடித்தது. அதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த படிக்கு அதுதான் சாவி.

4. ஆளிடம் கேளுங்கள், அதுவும் முதலில்

இந்தப் படியை நான் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருந்தால் என் அம்மாயியின் அக்காவிடம் பேசியிருக்கலாம். அவர் இப்போது இல்லை. அலுவலகம் எங்கும் போகாது. கிழவிகள் போய்விடுவார்கள்.

"பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், "நல்லவங்க, கைராசிக்காரங்க" என்று முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: ராத்திரி ஆள் வந்தால் கதவைத் தட்டுவார்களா, பேர் சொல்லிக் கூப்பிடுவார்களா? அரிக்கேன் விளக்கை யார் பிடித்துக்கொண்டு போவது? மாட்டு வண்டியா, நடையா? பிரசவ வீட்டில் முன்வாசல் வழியாக விட்டார்களா, கொல்லைப்புறம் வழியாகவா? அங்கே தண்ணீர் குடிப்பாரா? திரும்பி வந்ததும் குளிக்காமல் வீட்டுக்குள் வருவாரா? எத்தனை நாள் வரை போய்க் குழந்தையைக் குளிப்பாட்டினார்? கூலி காசா, நெல்லா, சேலையா? என் அம்மாயி பேசத் தொடங்கியதே "எந்த வாசல்" என்ற கேள்விக்குத்தான். "ஒரு வீட்டுல மட்டும் முன்வாசல். அவங்க மருமகளுக்கு ரெட்டைப் பிள்ளை." அதற்குமேல் ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை.

ஒரு விஷயம் ஜாக்கிரதை. தமிழ்நாட்டிலும் எல்லையோரத்திலும் பேறு பார்த்தவர்களில் பலர் நாவிதர் குலத்துப் பெண்கள். மருத்துவச்சி என்ற சொல்லே அந்தக் குலப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. கேரளத்தில் வயற்றாட்டி, ஆந்திரப் பக்கம் மந்திரசானி. சில வீடுகளில் இதைச் சொல்லக் கூசுவார்கள், "நர்ஸ்" என்று மாற்றிச் சொல்வார்கள். வற்புறுத்தாதீர்கள். ஆனால் காகிதத்தில் எந்தச் சொல் வந்தாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊர் வயற்றாட்டி வேறு, சர்டிபிகேட் மிட்வைஃப் வேறு என்று நினைத்துவிடவும் வேண்டாம். திருவிதாங்கூரில் டாக்டர் மேரி பூனென் லூக்கோஸ், ஊர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்தார். தாய் வயற்றாட்டி, மகள் மிட்வைஃப் என்பது சாதாரணம். அந்த வளைந்த கத்தி பெரிய அம்மாயியின் தாயாருடையது. மகள் சுமந்தாரே தவிர அதை வைத்து அறுக்கவில்லை என்று அம்மாயி அடித்துச் சொல்கிறார். நம்புகிறேன். வேகவைக்காத கத்தியால் குழந்தைக்கு இசிவு வந்து சாவதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

5. அந்த வருடம் உங்கள் ஊர் யாருடையது?

என் நாலாயிரம் ரூபாய் போன இடம் இது. சான்றிதழில் "சித்தூர்" என்று தெளிவாக இருந்தது. சித்தூர் என்றால் பழைய சென்னை ராஜதானி ஜில்லாதானே என்று ரயிலேறிச் சென்னைக்குப் போய், அறை எடுத்துத் தங்கி, இரண்டு நாள் ஆந்திரச் சித்தூர்ப் பட்டியல்களைப் புரட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் சித்தூர் தாலுகா எனக்குத் தோன்றவேயில்லை! இங்கிலீஷில் கடைசியில் "ஊ"வுக்கு இரண்டு "ஓ" போட்டால் ஆந்திரம், ஒரு "யு" போட்டால் பாலக்காடு என்பார்கள். பழைய காகிதத்தில் அந்த ஒழுங்கையும் நம்ப முடியாது.

ஆகவே முதலில் ஊரை சர்க்காரோடு பொருத்துங்கள்:

பாலக்காடு நகரம் மலபார் ஜில்லா, சென்னை ராஜதானி. காகிதம் கோழிக்கோடு மண்டல ஆவணக் காப்பகத்திலும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். பக்கத்துச் சித்தூர் தாலுகாவோ கொச்சி சமஸ்தானம். அதற்கு எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகம். தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை, நாகர்கோவில் எல்லாம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை, திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த திரு-கொச்சி ஆட்சி. அவற்றுக்குத் திருவனந்தபுரம்.

ஆந்திரப் பக்கம் இன்னும் சிக்கல். சித்தூர் ஜில்லா உருவானது 1911-இல், அதற்கு முன் சித்தூர் நகரம் வட ஆற்காடு. ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1-இல் வந்தது, அதற்கு முந்தைய சர்க்கார் உத்தரவுகளைச் சென்னையில் தேடுங்கள். சத்தியவேட்டுக்காரர்கள் செங்கல்பட்டு ஜில்லாவில் தேட வேண்டும், 1960-இல்தான் அது ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணி அதே சமயத்தில் இந்தப் பக்கம் வந்தது.

மிட்வைஃப் எல்லை பார்த்துப் பேறு பார்க்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். பெரிய அம்மாயி கொச்சிச் சம்பளம் வாங்கிக்கொண்டு மலபார் கிராமங்களுக்கும் போயிருக்கிறார். அங்கே பிறந்த குழந்தை அங்கேதான் பதிவாகியிருக்கும்.

6. வருடத்தைச் சரிபாருங்கள்

சான்றிதழில் "1107" என்று இருந்தது. பதிவு எண் என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு வருடக் கணக்கு. அதன் முதல் மாதமான சிங்ஙம் பிறப்பதிலிருந்து, அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து, டிசம்பர் கடைசி வரை 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து 825. ஆக 1107 சிங்ஙம் என்றால் 1931, மகரம் என்றால் 1932. கொச்சி, திருவிதாங்கூர் காகிதங்களில் நாலு இலக்கம் 1000-லிருந்து 1130-க்குள் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வீட்டுப் பெரியவர்கள் "தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அப்புறம்" என்று சொன்னால் அது 1099, 1924-ஆம் வருடத்து வெள்ளம்.

7. பெயரை விடுங்கள், வேலையைத் தேடுங்கள்

காப்பகத்தில் போய் "இன்ன பெயருள்ள மிட்வைஃப்" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கோப்புகள் பெயர்வாரியாக இல்லை. துறை, வருடம், பொருள் என்றுதான் பட்டியல். "மருத்துவம்", "உள்ளாட்சி", "பொதுச் சுகாதாரம்" தலைப்புகளில் "மிட்வைஃப்" என்ற சொல்லையும் ஊரையும் தேடுங்கள். சமஸ்தான அரசிதழில் நியமனம், மாற்றல், விடுப்பு பாருங்கள். வருடாந்தர நிர்வாக அறிக்கையில் மருத்துவப் பகுதியைப் பாருங்கள்.

பதிவுச் சான்றும் உதவும். சென்னை ராஜதானியில் 1926-இல் நர்ஸ், மிட்வைஃப் பதிவுச் சட்டம் வந்தது. திரு-கொச்சியில் 1953-இல். பாலக்காடு நகரம் அல்லது நகரிப் பக்கத்துப் பாட்டி என்றால் முதல் சட்டத்தின் எண் இருக்கலாம். கொச்சி, திருவிதாங்கூர்ப் பாட்டி 1953 வரை வேலையில் இருந்தால்தான் இரண்டாவது.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அசலும் நகலும், இரண்டு போட்டோ, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், முடிந்தால் ஒரு கல்லூரி ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். பென்சில் கட்டாயம். கட்டணமும் படம் எடுக்கும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். கோப்பு கேட்ட உடனே வராது, காலையில் எழுதிக் கொடுத்தால் மதியமோ மறுநாளோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மலையாளம் பேசுவீர்கள், பஸ் போர்டு படிப்பீர்கள் என்பதால் பழைய கோப்பைப் படித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். 1971-இல் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்தைய கூட்டெழுத்து வேறு, அதிலும் குமாஸ்தா கையெழுத்து. ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவரைப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார், பொள்ளாச்சி இளநீர் ஒரு குலை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறப்புப் பதிவு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதலாம். 10 ரூபாய், கேரளத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். நான் தமிழில் எழுதி, மலையாளச் சுருக்கம் ஒன்றையும் இணைத்தேன். உரிமை ஒருபக்கம், வேலை நடக்க வேண்டுமே. பழைய பதிவில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது, தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான். அதற்கேற்ப எழுதுங்கள்.

8. நோட்டு இருந்தால்

பேறு பார்த்த கணக்கு நோட்டு கிடைத்தால் அதுதான் புதையல். வரிசை எண், தாயின் பெயர், வயது, எத்தனையாவது பேறு, தலை முன்னா கால் முன்னா, நேரம், எடை, கடைசியில் குறிப்பு. எங்கள் நோட்டில் "தண்ணீர் இல்லாத வீடு" என்று மூன்று இடத்தில் இருக்கிறது. "4 மணி வரை விளக்கில் எண்ணெய்" என்று ஓரிடத்தில்.

அதில் ஒரு பக்கத்தைப் பெருமையாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு மாமாவிடமிருந்து போன். அந்தப் பக்கத்தில், கல்யாணத்துக்கு முன் பிறந்து இறந்த ஒரு குழந்தை. தாயின் பேரன் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். ஊரின் ரகசியம் முழுக்க மருத்துவச்சியிடம்தான் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன். பக்கத்தை நீக்கினேன், ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். பெயர்ப் பத்தியைக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். முழுப் பிரதி ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

9. எப்போது போவது, எவ்வளவு ஆகும்

ஓணத்தை ஒட்டிய இரண்டு வாரம் வேண்டாம். இரண்டாம் சனிக்கிழமை கேரள அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. நான் திங்கள் காலை போய்ச் சேர்கிற மாதிரிக் கிளம்புவேன், செவ்வாய்வரை தங்க ஏற்பாடு. பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சரியான காப்பகத்துக்கு நேராகப் போனால் இரண்டு பயணம், நகல் செலவு, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடியும். காலம் ஆறு மாதம்.

எர்ணாகுளத்தில் இரண்டாவது நாள் மதியம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. "மிட்வைஃப், சித்தூர், மூன்று மாத விடுப்பு." பெயர் இல்லை. மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் அம்மாயி பிறந்த மாதம். அன்று ராத்திரி போனில் கேட்டேன், உங்களுக்குப் பேறு பார்த்தது யார் என்று. "எங்க பாட்டிதான், வேற யாரு," என்றார். அந்தக் கத்தியாலா என்று கேட்டதற்கு, "போடா, கத்தரியக் கொதிக்க வச்சு எங்கம்மா படுத்தபடியே எடுத்துக் குடுத்தாங்களாம்," என்றார்.